நோக்க விளக்கப் பிரிவு, இரண்டாம் மாடி

சொந்தச் சம்பாத்தியத்தைச் சொந்தத் தங்கைக்கு அனுப்புவதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கையோடுதான் லிஃப்ட்காரர் அன்று மதியம் இரண்டரை மணிக்கு வங்கிக்குள் நுழைந்தார். உலகத்தில் எத்தனையோ மூடநம்பிக்கைகள் இருக்கின்றன. இதுவும் ஒன்று.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பதினொரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பதாம் மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு, வீட்டு வாடகையைப் பற்றி நிதானமாக யோசிக்கக்கூடிய மனிதர். ஆனால் படிவம் ஒன்றை நீட்டினால் கைகால் உதறும். பெயர் எழுதும் இடத்தில் அப்பா பெயரையும், அப்பா பெயர் எழுதும் இடத்தில் தேதியையும் எழுதி வைப்பார்.

அன்று காலையில் தங்கை பேசினாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசினாள்.

"அண்ணா, ஒரு ரூம் பாத்துட்டேன். ஊருக்கு அந்தப் பக்கம். வீட்டுக்காரம்மா அஞ்சு மணி வரைக்கும்தான் வச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவாங்க. முன்பணம் கைல வச்சாத்தான் சாவி. உன்னால முடியுமா, முடியாதா? ஒரே வார்த்தைல சொல்லு."

முடியும் என்றார். அவள் வைத்துவிட்டாள். அவளுடைய கணவன் இரவு ஷிப்டு வேலைக்காரன். பகலில் தூங்குவான், சாயங்காலம் ஆறு மணிக்கு எழுவான். அவன் எழும்போது வீட்டில் அவள் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் திட்டம்.

இதற்கு முன் இரண்டு முறை அவள் கிளம்பி வந்திருக்கிறாள். இரண்டு முறையும் அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். இரண்டு முறையும், "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி, பஸ்ஸுக்குக் காசும் கொடுத்துத் திருப்பி அனுப்பியவர் இதே லிஃப்ட்காரர்தான். இரண்டாவது முறை அவள் திரும்பிப் போனபோது இடது கை மணிக்கட்டில் கட்டு இருந்தது. அதை நினைத்தால் அவருக்கு இப்போதும் தன் மேலேயே வெறுப்பு வரும். இந்த முறை அவள் அண்ணனை நம்பி வரவில்லை. ரூமைத் தானே பார்த்துவிட்டு, பணத்தை மட்டும் கேட்டாள்.

கைபேசியில் அனுப்பப் பார்த்தார். 'புதிய பெறுநர், பெரிய தொகை, கிளையை அணுகவும்' என்றது. அணுகினார்.

படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் அதிசயமாகச் சரியாக நிரப்பினார். கடைசிக் கட்டத்தில், 'அனுப்புவதன் நோக்கம்' என்று இருந்தது. 'தங்கச்சிக்கு' என்று எழுதிக் கவுண்டரில் நீட்டினார்.

கவுண்டர் பெண் படித்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"சார், தங்கச்சிங்கிறது உறவு. நோக்கம் எங்கே?"

"அவளுக்குத்தாம்மா அனுப்புறேன்."

"யாருக்குன்னு மேலயே எழுதியிருக்கீங்களே. எதுக்குன்னு கேக்குறோம்."

"அவளுக்குத் தேவைப்படுது."

"தேவைங்கிறது நிலைமை, சார். நோக்கம் இல்ல." அவள் குரலில் பரிதாபம் இருந்தது. "நான் ஏதாவது எழுதி அனுப்பிட்டேன்னா என் வேலைக்கு வேட்டு வச்சிடுவாங்க. ரெண்டாவது மாடிக்குப் போங்க. நோக்க விளக்கப் பிரிவு. அவங்க விளக்கித் தருவாங்க."

லிஃப்ட் ஓடவில்லை. அவர் பழக்கதோஷத்தில் கதவு இடுக்கில் காதை வைத்துக் கேட்டார். ஒரு ரிலே மாற்றினால் போதும், கால் மணி நேர வேலை. கதவில் ஒட்டியிருந்த அட்டையில், 'இயங்கவில்லை. நோக்கம்: தங்கள் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது. படியேறினார்.

இரண்டாம் மாடியில் நீளமான அறை. ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள். நூலில் கட்டிய பேனாக்கள். சுவரில், 'நோக்கமில்லாப் பணம் கடிவாளமில்லாக் குதிரை' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. வரிசையில் ஏழெட்டுப் பேர் மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் பாடம் மறந்துபோனவர்களைப் போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டு ஐம்பது.

பக்கத்து நாற்காலியில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீசையில் மாவு.

"எத்தனாவது நாள்?" என்று அவர் கேட்டார்.

"இன்னிக்குத்தான் வந்தேன்."

"எனக்கு மூணாவது நாள். மில்லுக்காரருக்கு மாவுக்குப் பணம் அனுப்பணும். மாவுன்னு எழுதினேன். அது பொருள், நோக்கம் என்னன்னாங்க. ரொட்டி போடன்னு எழுதினேன். ரொட்டி எதுக்குன்னாங்க. விக்கன்னேன். விக்கிறது எதுக்குன்னாங்க. பிழைக்கன்னேன். நேத்து சாயங்காலத்துலேருந்து பிழைக்கிறது எதுக்குன்னு யோசிச்சிட்டிருக்கேன். ராத்திரி வீட்ல கேட்டேன், எங்க வீட்டம்மா பேசவே மாட்டேங்குறா."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நோக்க அலுவலர் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் மூன்று பேனாக்கள். மேசையில் ஒரு பழைய தொலைபேசி, ஒரு முத்திரை, ஒரு அடிக்கோல். பக்கத்தில் பதிவேடு எழுதும் அம்மா ஒருவர், எந்த முகபாவமும் இல்லாமல். அலுவலர் மோசமான ஆள் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் கையில் எதையாவது வைத்துக் காரியத்தைச் சாதித்திருக்கலாம். இவர் கொள்கைக்காரர்.

"பத்தொன்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றார். "முன்னெல்லாம் ஜனங்க என்ன எழுதுவாங்க தெரியுமா? 'செலவுக்கு', 'சும்மா', 'உங்களுக்கே தெரியும்'. பணம் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடும். யாருக்கும் ஒண்ணும் புரியாது. இப்போ பாருங்க, பாதிப் பணம்தான் போய்ச் சேருது. ஆனா போனது ஒவ்வொண்ணும் எதுக்குப் போச்சுன்னு எங்களுக்குத் துல்லியமாத் தெரியும். பணம் போய்ச் சேர்றதாங்க முக்கியம்? தெளிவு முக்கியம்."

"சார், அஞ்சு மணிக்குள்ள போகணும். அவசரம்."

"அவசரம் நோக்கத்துக்கு எதிரி." அலுவலர் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார். "பதறாதீங்க. உங்களுக்குப் பொருந்துற குறியீடு ஒண்ணு இல்லாமலா போயிடும்? பரிசுன்னு போட்டுடலாமா?"

"போடுங்க சார். பரிசுதான்."

"ரொம்ப நல்லது. பரிசுக்கு மகிழ்ச்சி ஆதாரம் வேணும். பெறுறவங்க சிரிச்ச முகமா இருக்கிற போட்டோ ஒண்ணு. கடைசி ஒரு வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்."

லிஃப்ட்காரர் கைபேசியை எடுத்துத் தேடினார். தங்கையின் படங்கள் இருந்தன. பிறந்தநாளில் அண்ணன் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறாள். வாசலில் நிற்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் வாய் மூடியிருந்தது. ஒரு வருடம் தாண்டி, இரண்டு வருடம் தாண்டி, நான்கு வருடத்துப் படங்கள் வரை போய்விட்டார். கல்யாணத்துக்கு முந்தின ஒரு படத்தில் அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டி அவரால் விரலை நகர்த்த முடியவில்லை. இத்தனை நாளாக இது கண்ணில் படாமல் நான் என்ன அண்ணன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"இது பழசு," என்று எட்டிப் பார்த்துச் சொன்னார் அலுவலர். "சரி, உதவின்னு போடுவோம். உதவிக்கு, பெறுறவங்க ஆதரவில்லாதவங்கன்னு சான்று வேணும்."

"யார் தரணும்?"

"அவங்க குடும்பத் தலைவர். கணவர் இருக்காருல்ல?"

"இருக்காரு."

"கணவர் இருந்தா எப்படிங்க ஆதரவில்லாதவங்க ஆவாங்க?" என்று அலுவலர் தானே தன் கேள்வியைத் தீர்த்துவைத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பினார். "குடும்பச் செலவு? அதுக்கும் தலைவர் கையெழுத்து. கூலி? அவங்க உங்களுக்கு என்ன வேலை செஞ்சாங்க?"

லிஃப்ட்காரர் யோசித்தார். அம்மா படுக்கையில் கிடந்த பதினாலு மாதமும் மலஜலம் எடுத்தவள் அவள்தான். அவர் அப்போது லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டு வெளியூரில் இருந்தார். அதைச் சொன்னார்.

"ரசீது இருக்கா?" என்று கேட்டார் அலுவலர்.

மணி மூன்று நாற்பது. லிஃப்ட்காரருக்கு உள்ளங்கை வேர்த்தது. கம்பி பிடிக்கிறவனுக்கு உள்ளங்கை வேர்க்கக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். ஆனது ஆகட்டும் என்று உண்மையையே சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

"அவ ஒரு ரூம் எடுக்குறா, சார். அதுக்கு முன்பணம்."

அலுவலரின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? தங்குமிட முன்பணம். அருமையான குறியீடு. ஆனா பாருங்க, அவங்களுக்குத்தான் வீடு இருக்கே. வீடு இருக்கிறவங்களுக்கு ரூம் எதுக்கு?"

"அந்த வீட்ல அவளால இருக்க முடியல."

"ஏன்?"

"அடிக்கிறான், சார்."

பதிவேட்டு அம்மாவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. அலுவலர் அடிக்கோலை எடுத்துக் கட்டத்தை அளந்து பார்த்தார். "காரணம் வேண்டாம். இடம் பத்தாது. நான் எழுதித் தர்றேன், கேளுங்க." பச்சைப் பேனாவால் எழுதி, கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்து, ஒரு சொல்லைச் சேர்த்து, உரக்கப் படித்தார்: "'கணவர் வீட்டிலிருந்து நிரந்தரமாக வெளியேறித் தனி அறை எடுப்பதற்கான முன்பணம்.' எப்படி இருக்கு? 'நிரந்தரமாக'ங்கிறது நான் போட்டது. அது இல்லேன்னா வாக்கியம் நொண்டும்."

"சார், இது வெளியே யாருக்கும் தெரியாதுல்ல?"

"ரகசியம்தாங்க எங்களுக்கு மூச்சு. இந்தாங்க, பின்னிணைப்பு. அறையோட முழு முகவரி எழுதுங்க. கோப்புல இருக்கும். ஒரே பிரதிதான், ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்."

லிஃப்ட்காரர் தயங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். எழுதினார். தெரு, கதவு எண், மாடிப்படிக்குக் கீழே இடது பக்கம் என்பது வரைக்கும். அலுவலர் அதைக் கோப்பில் கோத்து முடிச்சுப் போட்டார். பிறகு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அடுத்தது மறுமுனை உறுதி."

"அப்படின்னா?"

"நீங்க எழுதினா மட்டும் போதுமா? அந்தப் பக்கமும் அதே நோக்கத்தை ஒத்துக்கணும். ரெண்டு கையும் சேர்ந்தாத்தானே ஓசை?"

"அதுக்கென்ன, அவ ஒத்துக்குவா. அவ நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

"நீங்க சொல்ற நம்பருக்குப் பேச முடியாதுங்க. அவங்க கணக்கு தொடங்கும்போது பதிவு செஞ்ச நம்பருக்குத்தான்." அலுவலர் திரையைப் பார்த்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார்.

கடைசி நான்கு எண்களைக் கேட்டதும் லிஃப்ட்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். அது மாப்பிள்ளையின் எண். கணக்கு தொடங்கியபோது படிவத்தை நிரப்பியவன் அவன்தான்.

"சார், வேண்டாம். அந்த நம்பருக்குப் பேசாதீங்க. அது அவ புருஷன் நம்பர். தூங்கிட்டிருக்கான். அவனுக்குத் தெரியாமத்தான்..."

"கணவர்னா இன்னும் நல்லதாப் போச்சு. வாக்கியத்துல அவரும் வர்றாரே. சம்பந்தப்பட்டவர் வாயாலேயே உறுதி ஆயிடும்."

"நான் வாபஸ் வாங்கிக்கிறேன். பணமே வேண்டாம்."

"தாராளமா. ஆனா விளக்கி முடிச்ச நோக்கத்தை வாபஸ் வாங்க மூணு வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் உங்க கணக்கு முடங்கி நிக்கும்."

லிஃப்ட்காரர் எழுந்து, கண்ணாடித் தடுப்பின் ஓரத்துக்குப் போய், தங்கைக்குப் பேசினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணா, இன்னும் வரலியே. நான் ரூமுக்கு எதிர்ல ஏடிஎம் வாசல்லதான் நிக்கிறேன்."

அவர் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் கேட்டது.

"எழுந்ததும் தேடித்தான் வருவாரு," என்றாள். "முதல்ல பஸ் ஸ்டாண்ட் போவாரு. அங்கேருந்து இங்க பத்து நிமிஷம். பணம் வந்துட்டா நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவேன். வரலேன்னா தெருவுல பெட்டியோட நிப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். போன் பண்ணச் சொல்லு அண்ணா. எப்படியும் ஒரு நாள் அவர் எழுந்திருக்கத்தானே போறாரு?"

இவளுக்குத்தான் நான் பொறுத்துப் போகச் சொல்லிப் புத்தி சொன்னேனா என்று அவருக்கு இருந்தது. மணி நாலு பத்து.

அலுவலர் எண்ணைச் சுழற்றி, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கினார். சாட்சிக்காக அப்படி ஒரு விதி. மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எடுக்காமல் இருந்துவிட்டால்? எடுக்காவிட்டால் நாளைதான் என்றார் அலுவலர். லிஃப்ட்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக, மாப்பிள்ளை எழுந்திருக்க வேண்டும் என்றும் எழுந்திருக்கக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார்.

ஒன்பதாவது மணியில், தூக்கத்தில் தடித்த ஒரு குரல் வந்தது. "யாரு?"

"வணக்கம். வங்கியிலேருந்து பேசுறோம். உங்க மனைவி கணக்குக்கு வர்ற தொகையோட நோக்கத்தைப் படிக்கிறேன். சரி அல்லது தவறுன்னு சொன்னாப் போதும்." அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுவது போல ஏற்ற இறக்கத்தோடு படித்தார். 'நிரந்தரமாக' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தினார்.

வெளியே நாற்காலியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னய்யா உளர்ற? அவ சமையக்கட்டுல இருக்கா."

"அப்போ தவறுன்னு குறிச்சுக்கவா?"

"இரு." குரல் தள்ளிப் போனது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு கதவு திறந்தது. இன்னொரு கதவு. மறுபடி அவள் பெயர், இந்த முறை கத்தலாக. பாத்திரம் ஒன்று உருண்டது. ஒரு பீரோ திறக்கும் சத்தம். அலுவலர் பேனாவைக் கட்டத்தின் மேலேயே வைத்துக் காத்திருந்தார்.

குரல் திரும்பி வந்தபோது தூக்கம் முழுவதும் போயிருந்தது. "பெட்டியைக் காணோம்."

"அப்போ நோக்கம் சரின்னு எடுத்துக்கலாங்களா?"

பதில் இல்லை.

"சரி, தவறு, ரெண்டுல ஒண்ணு சொல்லணுங்க. மௌனத்துக்குக் குறியீடு இல்ல."

"சரிடா! சரி!"

"நன்றி." முத்திரை விழுந்தது. பதிவேட்டு அம்மா விசையைத் தட்டினார். பணம் போய்விட்டது. மணி நாலு இருபத்திரண்டு. லிஃப்ட்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தொலைபேசி இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"எந்த ரூம்? எங்க எடுத்திருக்கா? அட்ரஸ் சொல்லு."

அலுவலர் கோப்பைத் திறந்தார். பின்னிணைப்பை எடுத்தார். அவர் விரல் தெருப் பெயர் மேல் வந்து நின்றது. லிஃப்ட்காரருக்கு உயிர் அந்த விரல் நுனியில் இருந்தது. அலுவலர் வாயைத் திறந்தார்.

"எதுக்காகக் கேக்குறீங்க?"

"என்னது?"

"முகவரி கொடுக்கணும்னா நோக்கம் வேணும்ல?"

"நான் அவ புருஷன்டா!"

"அது உறவுங்க. நோக்கம் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரமாக அவர் சபித்துக்கொண்டிருந்த வாய் அது. இப்போது அந்த வாய் ஓயாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று உள்ளூரக் கும்பிட்டார். ஒரு துண்டுத்தாளில், 'அடையாள அட்டை கேளுங்க' என்று எழுதி அலுவலர் முன்னால் தள்ளினார். அலுவலர் மெச்சும்படியாகத் தலையாட்டினார்.

"இழுத்துட்டு வரணும், அதான் நோக்கம்!"

"பட்டியல்ல அப்படி ஒண்ணு இல்லைங்களே."

"கையக் கால உடைக்கணும்!"

"அது செயல்முறைங்க. அதனால கிடைக்கப் போற பலன் என்ன? அதைச் சொல்லுங்க. அடையாள அட்டையும் கொண்டு வரணும்."

இப்படியே கேள்வியும் கத்தலுமாகப் பத்து நிமிஷம் ஓடியது. லிஃப்ட்காரரின் பையில் கைபேசி நடுங்கியது. தங்கை. எடுத்துக் காதில் வைத்தார்.

"அண்ணா, வந்துடுச்சு. எடுத்துக் கொடுத்துட்டேன். சாவி கைல இருக்கு. உள்ளேருந்துதான் பேசுறேன். அண்ணா? கேக்குதா?"

பேச முடியாது. மேசை மேல் தொலைபேசி திறந்து கிடக்கிறது. தன் குரலை அவன் கேட்டுவிட்டால் பணம் அனுப்பியது யார் என்று தெரிந்துவிடும், அப்புறம் நூல் பிடித்து வந்துவிடுவான். "ம்" என்றார்.

"தாழ்ப்பாள் நல்ல கனமா இருக்குண்ணா. ரெண்டு கையால தள்ள வேண்டியிருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

"ம்," என்றார் மறுபடியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அலுவலர் தொலைபேசியில் கனிவாகப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"கோபப்படாதீங்க, உங்களுக்கு வழி இல்லாமப் போகல. 'குடும்ப நலன்'னு ஒரு குறியீடு இருக்கு. அதுக்கு வேற ஆதாரமே தேவையில்ல, கணவர் கையெழுத்து ஒண்ணே போதும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க ஊர்க் கிளையில எழுதிக் கொடுத்தீங்கன்னா, இங்கேருந்து முகவரி படிச்சுச் சொல்லிடுவோம். கொஞ்சம் லைன்ல இருங்க, எண் போட்டுத் தர்றேன்." ரிசீவரை மேசை மேல் படுக்கவைத்துவிட்டு எண் சீட்டைத் தேடினார். ரிசீவர் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அந்தப் பூதத்துக்கு இவரே முகவரியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். லிஃப்ட்காரர் ரிசீவரின் வாய்ப்பக்கத்தைத் தன் கையால் அழுத்தி மூடினார்.

"சார், அந்தப் பின்னிணைப்பைத் திருப்பிக் கொடுங்க. பணம்தான் போயிடுச்சே."

"ஆவணத்தைத் திரும்பப் பெறத் தனி மனு இருக்குங்க. அதுக்கும்..."

"நோக்கம் எழுதணும். குடுங்க."

அவர் மனுவை வாங்கி, நூலில் கட்டிய பேனாவை இழுத்து, நின்றபடியே எழுதினார். யோசிக்கவில்லை. கை உதறாமல் அவர் நிரப்பிய முதல் படிவம் அதுதான். அலுவலர் அதைப் படித்தார்.

'என் தங்கச்சி உயிரோட இருக்க.'

அலுவலர் அடிக்கோலை எடுத்தார். கீழே வைத்தார். திருத்துவதற்கு எதுவும் அகப்படவில்லை போலிருந்தது. "வாக்கியம் சரியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "ஆதாரம் இணைக்கலையே?"

லிஃப்ட்காரர் ரிசீவரை எடுத்து, வாய்ப்பக்கத்தை மூடியபடியே, அவர் காதருகே பிடித்தார்.

"இந்தாங்க ஆதாரம். கேளுங்க."

பத்தொன்பது வருடமாக அந்தத் தொலைபேசியில் 'சரி' என்பதையும் 'தவறு' என்பதையும் தவிர வேறு எதையும் கேட்டறியாதவர் அலுவலர். இப்போது அவள் கிடைத்தால் என்னென்ன செய்வேன் என்று ஒருவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அதை இங்கே எழுதுவதற்கில்லை. பதிவேட்டு அம்மா தலை குனிந்துகொண்டார். ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டதால், கண்ணாடிக்கு வெளியே ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றிருந்தார். "சாட்சிக் கையெழுத்து வேணும்னா நான் போடுறேங்க," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அலுவலர் வெகுநேரம் கேட்டார். அவருக்குள் எங்கேயோ ஒரு குறியீட்டுப் புத்தகம் பக்கம் பக்கமாகப் புரண்டது முகத்தில் தெரிந்தது. எந்தப் பக்கத்திலும் அது இல்லை. பிறகு கையை நீட்டித் தொலைபேசியைத் துண்டித்தார். கோப்பின் முடிச்சை அவிழ்த்தார். பின்னிணைப்பை உருவி, மடித்து, லிஃப்ட்காரர் கையில் வைத்தார். எண் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"சார்," என்று பதிவேட்டு அம்மா மெதுவாகக் கூப்பிட்டார். "திருப்பிக் கொடுத்ததைப் பதியணும். நோக்கம்னு என்ன எழுத?"

அலுவலர் மூன்று பேனாக்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"அதை மட்டும் காலியா விட்டுடுங்கம்மா," என்றார்.